10 மீட்டர் ஏர் பிஸ்டல்: எந்த பெல்லட், எவ்வளவு காற்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் குறிசுடும் விளையாட்டுக்கு வரும் இளையவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. விலை உயர்ந்த பெல்லட் (ஏர் பிஸ்டலில் போடும் சின்ன ஈயக் குண்டு) டப்பாவை வாங்கினால் புள்ளி ஏறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஏறாது. உங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் பெல்லட் எது என்று சுட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அது எப்படி என்பதுதான் இந்தப் பக்கத்தில் பாதி.

வெளிநாட்டில் வெடிமருந்து அளந்து தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறார்களே, இங்கே செய்யலாமா அண்ணே?

கூடாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வெடிமருந்துக்குத் தனியாக 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. "விளையாட்டுக்குத்தானே" என்ற சமாதானம் எடுபடாது. அதே ஆயுதச் சட்டம் ஏர் பிஸ்டலையும் ஆயுதமாகவே கருதுகிறது. ஆகவே பிஸ்டலுக்கும் பெல்லட்டுக்கும் போலீஸ் உரிமம் வேண்டும். எத்தனை பெல்லட் கையில் வைத்திருக்கலாம் என்பதை மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இணையக் கடையில் ஆர்டர் போட்டுவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று இருக்காதீர்கள்.

தோட்டா தயாரிப்பவர் குண்டையும் மருந்தையும் பொருத்திப் பார்ப்பதைப் போல, ஏர் பிஸ்டல்காரர் பெல்லட்டையும் காற்றையும் பொருத்திப் பார்க்கலாம். இதைச் சட்டத்துக்கு உட்பட்டுச் சுடுகளத்திலேயே செய்ய முடியும்.

கடையில் கூர்முனை, உருண்டைத்தலை, தட்டைத்தலை என்று பல வகை இருக்கின்றன. எதை எடுப்பது?

4.5 மி.மீ. தட்டைத்தலை, அதாவது வாட்கட்டர். மற்றவற்றைத் தொடவே வேண்டாம். தட்டைத் தலையின் விளிம்பு காகித இலக்கை அச்சுக் குத்தியதுபோல் வட்டமாக வெட்டும். ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டால் கூடுதல் புள்ளி என்பது விதி என்பதால், விளிம்பு சுத்தமாக இருந்தால்தான் புள்ளியைச் சரியாகப் படிக்க முடியும். கூர்முனை பெல்லட் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். கிழிசலை வைத்து 9ஆ 10ஆ என்று நடுவரோடு வாதாடுவது வீண்.

தட்டைத்தலை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும் என்பது உண்மைதான். 10 மீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

பிஸ்டலுக்கென்று விற்கும் போட்டி பெல்லட்டுகள் பெரும்பாலும் 0.45 முதல் 0.50 கிராம் வரை இருக்கும். ரைஃபிளுக்கானவை 0.53 கிராம் அளவில் வரும். டப்பாவில் கிரெயின் என்று போட்டிருந்தால், 1 கிரெயின் என்பது 0.0648 கிராம். 7.0 கிரெயின் என்றால் 0.45 கிராம், 8.2 கிரெயின் என்றால் 0.53 கிராம்.

போட்டி ஏர் பிஸ்டலின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர். இந்த வேகத்தில் லேசான பெல்லட் குழலை விட்டுக் கொஞ்சம் முன்னதாக வெளியேறும். விசையை இழுத்த பிறகு கை அசைய அதற்குள் நேரம் குறைவு. லேசானதைப் பரிந்துரைக்க இதுதான் காரணம். ஆனாலும் சில குழல்கள் 0.53 கிராம் பெல்லட்டைத்தான் நெருக்கமாகச் சுடும். அப்படியானால் அதையே போடுங்கள், விதி தடுக்கவில்லை. எடை மாற்றினால் சைட்டையும் (குறிபார்க்கும் அமைப்பு) மாற்றி அமைக்க வேண்டும். 0.45இலிருந்து 0.53க்குப் போனால், கணக்குப்படி குண்டு சுமார் 4 மி.மீ. கீழே, அதாவது அரை வளையம் கீழே விழும்.

டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கிறதே?

அது பெல்லட்டின் தலை விட்டம். தலை, குழலுக்குள் இருக்கும் முறுக்கு வரிகளின் மேட்டில் ஒட்டினாற்போல் சறுக்க வேண்டும். பின்பக்கப் பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து வரிகளுக்குள் பதிந்து காற்றைக் கசியவிடாமல் அடைக்கும். தலை சின்னதாக இருந்தால் பெல்லட் குழலுக்குள் சாய்ந்து போகும். பெரிதாக இருந்தால் உராய்வு கூடி, வேகம் ஒவ்வொரு சூட்டுக்கும் மாறும்.

உங்கள் குழலுக்கு எது என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. ஒரே மாடல் பிஸ்டல் இரண்டு வாங்கினாலும் இரண்டுக்கும் வேறு வேறு அளவு பிடிக்கலாம். தேடலை 4.50இல் தொடங்கி, பிறகு 4.49ஐயும் 4.51ஐயும் பாருங்கள்.

சரி, சோதனையை எப்படிச் செய்வது?

அவசரம் இல்லாத ஒரு காலை நேரம் வேண்டும்.

பிஸ்டலைக் கையில் பிடித்துச் சுட்டுப் பார்த்தால் பெல்லட்டைச் சோதிப்பதாக ஆகாது, உங்கள் கையைத்தான் சோதிக்கிறீர்கள். மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய வைஸ் வேண்டும். கைப்பிடியைக் கழற்றிவிட்டு, உடற்பகுதியை மட்டும் வைஸில் பிடியுங்கள். தாடைகளுக்கு இடையே பழைய சைக்கிள் டியூப் ரப்பரை இரண்டு மடிப்பாக வையுங்கள். குழலையோ காற்று சிலிண்டரையோ ஒருபோதும் வைஸில் நெரிக்காதீர்கள். நெரிந்த குழல் எதையும் நேராகச் சுடாது. நெரிந்த சிலிண்டர் ஆபத்து. வைஸ் கிடைக்காவிட்டால் மணல் மூட்டைமேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, குழுவில் நிதானமானவர் ஒருவரே எல்லா வகையையும் சுடட்டும். அதில் துல்லியம் குறைவு, ஆனாலும் மோசமான பெல்லட்டைக் கழித்துவிடலாம்.

நான்கு வகை போதும். இரண்டு நிறுவனம், ஒவ்வொன்றிலும் இரண்டு தலை அளவு. ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், ஜேஎஸ்பி மூன்றுமே நம்பத்தக்கவை. நான்கு டப்பாவையும் ஒருவரே வாங்காமல் நண்பர்கள் ஆளுக்கு ஒரு டப்பா வாங்கிப் பகிர்ந்து சோதியுங்கள்.

வகை மாற்றும்போதெல்லாம் முதல் 5 சூடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய பெல்லட்டின் ஈயமும் மெழுகும் குழலில் இருக்கும், அது மாறிப் படிய வேண்டும். பிறகு புது இலக்கட்டையில் 10 சூடு. அடுத்த வகைக்குப் போங்கள். நான்கும் முடிந்ததும் தலைகீழ் வரிசையில் மறுபடி 10, பிறகு முதல் வரிசையில் இன்னொரு 10. வரிசையை மாற்றுவது எதற்கென்றால், சிலிண்டர் அழுத்தம் இறங்குவதும் வெயில் ஏறுவதும் ஒரே வகையின் தலையில் விழக்கூடாது.

5 சூட்டுக் கொத்தை (ஒரே அட்டையில் விழுந்த ஓட்டைகளின் கூட்டம்) வைத்து முடிவெடுக்காதீர்கள். அதே பெல்லட், அதே பிஸ்டல் என்றாலும் 10 சூட்டுக் கொத்து சராசரியாகக் கால் பங்கு பெரிதாக வரும். 3 சூட்டில் எல்லாமே நல்ல பெல்லட் மாதிரித் தெரியும்.

கொத்தை எப்படி அளப்பது? எவ்வளவு இருந்தால் நல்லது?

ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வெர்னியர் காலிப்பரால் அளந்து 4.5ஐக் கழியுங்கள். கிடைப்பது மையத்துக்கு மையம் உள்ள தூரம். அட்டைக்குப் பின்னால் கெட்டி அட்டை ஒன்று வைத்தால் விளிம்பு சுத்தமாக விழும்.

ஐஎஸ்எஸ்எஃப் (அனைத்துலகக் குறிசுடும் விளையாட்டுச் சம்மேளனம்) ஏர் பிஸ்டல் இலக்கில் 10ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. ஓட்டையின் விளிம்பு தொட்டாலே 10 என்பதால், பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். அந்த 8 மி.மீ.தான் உங்கள் மொத்தச் சொத்து. வைஸில் 5 மி.மீ. கொத்து தரும் பெல்லட், அதில் 2.5 மி.மீ. வரை தனக்கென்று எடுத்துக்கொள்ளும். உங்கள் கைக்கு 5.5 மிச்சம். 9 மி.மீ. கொத்து தருவது 4.5ஐ எடுத்துக்கொள்ளும், கைக்கு 3.5தான். நன்றாக இழுத்த சூடு 9 ஆவது இப்படித்தான்.

மூன்று கொத்துகளின் சராசரியைப் பாருங்கள், மிகச் சிறிய கொத்தைப் பார்க்காதீர்கள். எடுத்துக்காட்டாக, ஒரு வகை 5.9, 6.2, 6.0 என்றும் இன்னொன்று 4.1, 8.8, 5.2 என்றும் வந்தால் சராசரி ஏறக்குறைய ஒன்றுதான். நாங்கள் முதலாவதையே எடுக்கச் சொல்வோம். எங்கே விழும் என்று நம்பக்கூடிய பெல்லட்டில்தான் பிழை உங்களுடையதா என்று கற்றுக்கொள்ள முடியும். இரண்டு வகைகளுக்கு இடையே வித்தியாசம் அரை மி.மீ.க்கும் குறைவு என்றால் விலை குறைந்ததை வாங்குங்கள்.

நல்லது கிடைத்துவிட்டது. அடுத்து?

டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் தொகுதி எண்ணை எழுதி வையுங்கள். அதே பெயர், அதே தலை அளவு, ஆனால் வேறு தொகுதி என்றால் அச்சும் ஈயமும் மாறியிருக்கலாம். உரிமம் அனுமதிக்கும் அளவுக்குள், அதே தொகுதியிலேயே போட்டிப் பருவத்துக்குத் தேவையானதை வாங்கிக்கொள்ளுங்கள். போட்டியில் 60 சூடு, முன்னோட்டச் சூடு ஒரு 20 என்று வைத்தால் ஒரு போட்டிக்கு 80. 500 பெல்லட் உள்ள ஒரு டப்பா 6 போட்டிகளுக்கு வரும்.

பயிற்சிக்கும் அதையே சுட வேண்டுமா? கட்டுப்படியாகவில்லை.

வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள், நாளுக்கு 100 என்றால் மாதம் 800 போய்விடும். பயிற்சிக்கு அதே நிறுவனத்தின் மலிவான தட்டைத்தலை போதும், எடை மட்டும் நெருங்கி இருக்கட்டும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் போட்டி பெல்லட்டுக்கு மாறிச் சைட்டைச் சரிசெய்யுங்கள். தொடங்கி ஆறு மாதம் ஆகாத பிள்ளைகளுக்குப் போட்டி பெல்லட் வாங்கித் தருவதை நாங்கள் ஏற்பதில்லை. அந்தப் பணத்தில் கைக்குப் பொருந்தும் பிடியைச் செதுக்கிக் கொடுங்கள்.

தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரித்தால் புள்ளி ஏறுமா?

பிஸ்டலுக்கு அது வீண் வேலை. 0.49 கிராம் பெல்லட்டில் 0.01 கிராம் வித்தியாசம் என்றால் எடையில் 2 விழுக்காடு, வேகத்தில் சுமார் 1 விழுக்காடு. 10 மீட்டரில் பெல்லட் மொத்தமாகவே 25 மி.மீ. அளவுதான் இறங்குகிறது. அதில் இந்த வித்தியாசம் அரை மி.மீ. மட்டுமே. கண்ணால் பார்த்துக் கழிப்பதுதான் பலன் தரும்: பாவாடை நசுங்கியது, விளிம்பில் பிசிர் உள்ளது, வெள்ளை படிந்தது. டப்பா கீழே விழுந்தால் உள்ளே இருப்பதில் பாதி நசுங்கியிருக்கும், அதைப் பயிற்சிக்குத் தள்ளிவிடுங்கள்.

வேகத்தைக் கூட்டினால் நேராகப் போகாதா?

கூட்டாதீர்கள். வேகம் எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வேகம் 3 விழுக்காடு குறைந்தால் குண்டு 1.5 மி.மீ. கீழே போகும். கூடிய வேகம் பிஸ்டலை அதிகம் துள்ள வைக்கும், காற்றைச் சீக்கிரம் தீர்க்கும், தவிர உற்பத்தியாளர் வைத்த அமைப்பைக் கலைத்துவிடும். அழுத்தச் சீராக்கியைத் திறப்பது தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

குண்டுகள் மேலும் கீழுமாக, நீள வரிசையில் விழுகின்றன. பெல்லட் சரியில்லையா?

முதலில் காற்றைப் பாருங்கள். வைஸில் வைத்துச் சுட்டும் நீள வரிசை வந்தால் வேகம் மாறுகிறது என்று பொருள். சிலிண்டர் அழுத்தம் இறங்கிப்போயிருக்கலாம். 200 பார் (அழுத்தத்தின் அளவு) நிரப்பிய சிலிண்டர் 100 பாருக்குக் கீழே வருமுன் மறுபடி நிரப்பிவிடுங்கள். பெல்லட்டைக் குழலுக்குள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆழத்தில் தள்ளியிருக்கலாம். பெருவிரலால் விளிம்போடு விளிம்பாக அமர்த்தினால் போதும், பேனா முனையால் குத்தி உள்ளே தள்ள வேண்டாம். காற்று அடைப்பு வளையம் தேய்ந்திருந்தால் பெல்லட் போடும் பின்வாயை மூடிச் சுடும்போது பின்பக்கம் மெல்லிய காற்று முகத்தில் படும். மெல்லிய காகிதத் துண்டு வைத்துப் பார்த்தால் படபடக்கும்.

வைஸில் கொத்து சின்னதாக இருந்து, கையில் மட்டும் நீள வரிசை வந்தால் பெல்லட்டைக் குறை சொல்லாதீர்கள். மணிக்கட்டையும் மூச்சையும் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.

குழுவில் பழைய சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) பிஸ்டல் ஒன்று இருக்கிறது. காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி சுடுகிறது.

அந்த வாயுவின் இயல்பு அது. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் சிஓ2வின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போகும். அதன் பிறகு அழுத்தம், சிலிண்டரில் எவ்வளவு நிரப்பியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஏறும். தகரக் கூரை மண்டபத்தில் நம் ஊர் மதியம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். சிஓ2 பிஸ்டலைக் காலை 10 மணிக்குள் சுடுங்கள், பெல்லட் சோதனையை அதில் செய்யாதீர்கள். எந்தச் சிலிண்டரையும் வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகவே கூடாது.

காற்று நிரப்ப வழி இல்லை. தோட்டத்துப் பட்டறையில் வெல்டிங் சிலிண்டர் இருக்கிறதே?

வேண்டவே வேண்டாம். அங்கே இருப்பது ஆக்சிஜன். பிஸ்டலின் உள்ளே இருக்கும் கிரீஸும் எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனைச் சந்தித்தால் தீப்பற்றி வெடிக்கும். உயிர் போகும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் ஆகாது, அதன் அழுத்தம் 10 பார் அளவுதான்.

உயர் அழுத்தக் கைப்பம்பு ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து வாங்கலாம். நம் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாகப் பாருங்கள், சில நிமிடத்துக்கு ஒருமுறை வடிகால் திருகைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். சிலிண்டருக்குள் தங்கும் நீர் உலோகத்தை அரிக்கும். இன்னொரு வழி, முக்குளிப்புச் சிலிண்டர் நிரப்பும் கடையில் பெரிய சிலிண்டரை நிரப்பி வந்து பகிர்வது. எதில் நிரப்பினாலும் மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி, ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும்.

சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி அதிகபட்சம் 10 ஆண்டு, தேதி கடந்ததா என்று பார்ப்பது போட்டியாளரின் பொறுப்பு. கைமாறி வாங்கும் பிஸ்டலில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பெல்லட்டில் வெள்ளைப் பூச்சு படிகிறது. ஏன்?

ஈயம் அரிக்கப்படுகிறது. ஈரம் ஒரு காரணம், ஆசிட் ஆவி அதைவிடப் பெரிய காரணம். ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கேனை வைத்திருக்கும் ஸ்டோர், வினிகர் இருக்கும் சமையலறை அலமாரி, புது மரப்பலகைப் பெட்டி மூன்றும் பெல்லட்டுக்கு ஆகாத இடங்கள். மரமே மெல்ல அசெட்டிக் ஆசிட் ஆவியை விடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அதைப் பூட்டிய இரும்பு அலமாரிக்குள் வையுங்கள். வெள்ளை படிந்த பெல்லட்டைத் துடைத்துச் சுட வேண்டாம், அந்தப் பொடி நச்சு.

ஈயம் பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லையா?

கெடுதல்தான், அலட்சியம் கூடாது. பெல்லட்டை வாயில் கவ்வி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். சுடுகளத்துக்குள் நாசி லெமாக் பொட்டலம், தேத்தண்ணி எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் மற்றது. குண்டு பிடிக்கும் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தூசி கிளம்பும். ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறியுங்கள். இந்த வேலையைக் கையுறையும் முகக்கவசமும் போட்ட பெரியவர் செய்யட்டும், கர்ப்பிணிகளும் சிறுவர்களும் வேண்டாம். சேர்ந்த ஈயத்தை வீட்டில் உருக்கித் தூண்டில் குண்டு செய்யவும் கூடாது.

குழலை எப்போது சுத்தம் செய்வது?

ஒரு டப்பா, அதாவது 500 சூட்டுக்கு ஒருமுறை. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) உருளைகள் இரண்டு மூன்றைச் சேர்த்துக் குழலுக்குள் வைத்து, பாதுகாப்பான திசையில் சுட்டால் அழுக்கு வந்துவிடும். கம்பித் தூரிகை வேண்டாம். சுத்தம் செய்தபின் 10, 15 சூடு வரை கொத்து விரிந்தே இருக்கும், எனவே போட்டி நாள் காலையில் குழலைத் தொடாதீர்கள்.

மண்டபத்து மின்விசிறி பாதிக்குமா?

பாதிக்கும். வினாடிக்கு 1 மீட்டர் பக்கக்காற்று வழிநெடுக வீசினால் கணக்குப்படி 4 மி.மீ. அளவுக்கு நகரும், அதுவே அரை வளையம். சுடுபவர் நிற்கும் பக்கத்து விசிறி ஓடட்டும், இலக்குவரை உள்ள பாதையில் இருப்பவற்றை நிறுத்துங்கள்.

இதே பிஸ்டலால் குரங்கு, செம்பனை எலியை விரட்டலாமா?

இல்லை. இதன் குண்டின் ஆற்றல் 6 ஜூலுக்கும் கீழே. விலங்கைப் பெரும்பாலும் கொல்லாது, காயப்படுத்தித் துன்புறுத்தும். குரங்கைச் சுடுவது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும் மோதும். சுடுகளத்துக்கு வெளியே சுட்டால் உரிமமும் போய்விடலாம். எலிக்குத் தோட்டங்கள் கூட்டுப்பெட்டி வைத்து வளர்க்கும் கூகையே போதும்.

25 மீட்டர் பிஸ்டலுக்குப் போனால் இந்த முறை உதவுமா?

உதவும். அங்கே .22 எல்ஆர் தோட்டா. அதன் விளிம்பிலேயே தீமூட்டும் மருந்து இருப்பதால் வெளிநாட்டிலும் பொதுவாக யாரும் அதை மறுபடி நிரப்புவதில்லை. எல்லோரும் ஆலைத் தோட்டாவையே தொகுதி தொகுதியாகச் சோதித்து வாங்குகிறார்கள். பெரிய அளவுத் தோட்டாவுக்கான சென்டர் ஃபயர் போட்டியில் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவில் தட்டைத்தலை ஈயக் குண்டு, வேகமாக எரியும் மருந்து கொஞ்சம், மிதமான வேகம் என்று போகிறார்கள். ஓட்டை சுத்தமாக விழ வேண்டும், பிஸ்டல் குறைவாகத் துள்ள வேண்டும் என்ற அதே இரண்டு காரணங்கள்தான். .22 சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வகை மாற்றும்போது 5 சூடு போதாது, 10 சூடு தள்ளிவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.